பழுதான வன்தட்டும் பதிவுக் கொப்பியும்

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம். நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். அதற்கு முந்திய மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கொழும்பு கிராண்ட்பாஸில் உள்ள எமது சிறிய பணியகத்திலும், கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே பல தடவை மின்சாரம் நின்றது. ஒருநாள் காலை கணினியைப் போட்டோம். திரையில் ஒன்றும் வரவில்லை. பெட்டிக்குள் இருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது எம்மிடம் வந்துபோன குடும்பங்களுக்குத் தெரியும். வன்னியிலிருந்தும் கிழக்கிலிருந்தும் இடம்பெயர்ந்து, களனி ஆற்றங்கரையை அண்டிய இந்த ஒடுங்கிய வீதிகளில் வாடகை அறைகளில் வாழ்ந்த விவசாயக் குடும்பங்களின் பத்திரங்களை 2014ஆம் ஆண்டு முதல் நாம் பிரதி எடுத்து அதில் சேமித்து வந்தோம். காணி உறுதிகள், அனுமதிப்பத்திரங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், மரணச் சான்றிதழ்கள், கிராம அலுவலரின் கடிதங்கள். "கவலைப்படாதீர்கள், இனி இது கணினியில் இருக்கிறது" என்று நாமே அவர்களிடம் சொல்லியிருந்தோம்.

அந்தக் கணினியை எப்படி மீள இயக்கினோம், எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதை இங்கே விளக்குகிறோம். கணினி வைத்திருக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பிள்ளைகளுக்குக் கணினி வாங்கிக் கொடுத்த குடும்பங்களுக்கும் இது பயன்படும். கணினி இல்லாதவர்களும் கடைசிவரை வாசியுங்கள். இது உங்கள் பத்திரங்களைப் பற்றியதும்கூட.

காணி, வீடு, றங்குப் பெட்டி

கணினி ஒன்றில் மூன்று விடயங்கள் சேர்ந்திருக்கின்றன. இவற்றைப் பிரித்து அறியாததால்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, கையால் தொடக்கூடிய வன்பொருள். அதில் தலையாயது தாய்ப்பலகை. மற்ற எல்லாப் பாகங்களும் அதிலேதான் பொருத்தப்படுகின்றன. இதைக் காணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பணிசெயல் முறைமை. விண்டோஸ், லினக்ஸ் என்பவை இவ்வகை. கணினியைப் போட்டவுடன் எழுந்து, மற்ற எல்லா வேலைக்கும் இடம் கொடுப்பது இதுவே. இதை அந்தக் காணியில் கட்டிய வீடு எனலாம்.

மூன்றாவது, நீங்கள் எழுதிய கடிதங்கள், எடுத்த படங்கள், சேமித்த பத்திரங்கள். இவை அந்த வீட்டுக்குள் வைத்த றங்குப் பெட்டி.

வீடும் றங்குப் பெட்டியும் இருப்பது வன்தட்டில், அதாவது கடைக்காரர் 'ஹாட் டிஸ்க்' என்று சொல்லும் பாகத்தில். பழைய வகை வன்தட்டுக்குள் வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுழல்கின்றன. அவற்றின் மேலே ஒரு சிறு முனை, தட்டைத் தொடாமல், மிதந்தபடி எழுதுகிறது, வாசிக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. ஒரு தூசி, ஒரு அடி, வயதான ஒரு பாகம் போதும், முனை தட்டில் உராய்ந்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பாதி எழுதிய பதிவும் பழுதாகும். புதிய வகைத் தட்டுகளில் சுழலும் பாகம் இல்லை. அவை வேகமானவை, அதிர்ச்சியைத் தாங்குபவை. ஆனால் அவையும் ஒருநாள் முன்னறிவித்தல் இன்றி நின்றுவிடலாம். சாகாத வன்தட்டு என்று ஒன்று இல்லை.

வன்தட்டு செத்தால் வீடும் போகிறது, பெட்டியும் போகிறது. காணி மட்டும் மிஞ்சுகிறது. எமக்கு நேர்ந்தது இதுவே.

சத்தம் கேட்டால் முதலில் செய்யவேண்டியது

கணினி வழமைக்கு மாறாக மெதுவானால், சேமித்த கோப்புகள் திறக்க மறுத்தால், உள்ளே 'டிக், டிக்' என்ற சத்தம் கேட்டால், அது வன்தட்டு தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். அப்போது செய்யவேண்டியது ஒன்றே: கணினியை நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் முனை தட்டைக் கீறக்கூடும். நாம் அன்று காலை ஏழெட்டுத் தடவை போட்டுப் பார்த்தோம். அது தவறு.

இரண்டாவது, கடைக்கு எடுத்துச் சென்றால், "முதலில் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்குப் பிரதி எடுக்க முடியுமா என்று பாருங்கள், அதன் பிறகுதான் விண்டோஸ் போடவேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். திருத்துநருக்கு வேண்டியது கணினி ஓடுவது. உங்களுக்கு வேண்டியது உள்ளே இருந்த பத்திரம். பழைய தட்டிலேயே புதிதாக விண்டோஸைப் பதித்தால், பழைய பதிவுகளின் மேலேயே அது எழுதிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அவற்றை எடுக்க இயலாமற் போகலாம். பழுதான தட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, புதிய தட்டு ஒன்றைப் பொருத்துவதே நல்லது. பழைய தட்டை வேறொரு கணினியில் இணைத்துப் பார்க்கலாம். சில வேளை வாசிக்க முடியும்.

எமது தட்டை எந்தக் கணினியும் வாசிக்கவில்லை. தூசி புகாத அறையில் தட்டைத் திறந்து பதிவுகளை எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அதற்குக் கேட்ட தொகை எமது சக்திக்கு அப்பாற்பட்டது. எனவே புதிய தட்டு ஒன்றை வாங்கி, வீட்டைப் புதிதாகக் கட்டத் தொடங்கினோம்.

உரிமம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

இங்கேதான் பலருக்குப் பயம் வருகிறது. "விண்டோஸை மறுபடியும் காசு கொடுத்து வாங்கவேண்டுமா?" என்று கேட்கிறார்கள். நாமும் அப்படித்தான் பயந்தோம்.

விண்டோஸ் என்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் உடைமை. நாம் காசு கொடுத்து வாங்குவது அதைப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. அந்த உரிமத்தைக் கணினியில் உறுதிப்படுத்துவதையே 'அக்டிவேற்' பண்ணுதல், அதாவது செயற்படுத்தல் என்கிறார்கள். வீட்டுப் பாவனையாளர் எல்லோருக்கும் இது கட்டாயமாகியது 2001 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியோடு. அன்று அதற்கு 30 நாள் தவணை இருந்தது. 25 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு சாவியை அடித்து, இணையத்தாலோ தொலைபேசியாலோ நிறுவனத்துக்கு அறிவித்து அதனை முடிக்கவேண்டும். அந்தச் சாவி அச்சிட்ட ஒட்டுத்தாள் கணினியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருக்கும். தாள் தேய்ந்துபோனால் சாவியும் போயிற்று.

2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல், பெரிய நிறுவனங்கள் தயாரித்த கணினிகளில் அந்தச் சாவியைத் தாய்ப்பலகையில் உள்ள சில்லிலேயே எழுதிவைத்தார்கள். 2015 யூலை 29இல் வெளிவந்த விண்டோஸ் 10 இன்னொரு படி சென்றது. கணினி ஒருமுறை செயற்படுத்தப்பட்டதும், அதன் பாகங்களில் இருந்து, குறிப்பாகத் தாய்ப்பலகையிலிருந்து, ஒரு அடையாளம் கணிக்கப்பட்டு மைக்ரோசொப்டின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. இதை எண்முறை உரிமம் என்று சொல்லலாம்.

இதை விளங்கிக்கொள்ள உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. குடியேற்றத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைத்த காணியின் அனுமதிப்பத்திரத்தை நினையுங்கள். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது வழங்கப்பட்டது. அது எந்தக் குடிசைக்கும் கொடுபட்டதல்ல, காணிக்குக் கொடுபட்டது. குடிசை எரிந்தால் பத்திரத்தின் தாளும் எரியலாம். ஆனால் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் அந்தக் காணியின் பதிவு இருக்கிறது. விண்டோஸின் உரிமமும் இவ்வாறே. அது வன்தட்டுக்குக் கொடுபட்டதல்ல, தாய்ப்பலகைக்குக் கொடுபட்டது. வன்தட்டு போனாலும் பேரேட்டில் பெயர் நிற்கிறது. ஆகவே வன்தட்டை மட்டும் மாற்றியவர் விண்டோஸை மறுபடி வாங்கத் தேவையில்லை.

எமது கணினியை நாம் 2013இல் வாங்கினோம். அப்போது அதில் இருந்தது விண்டோஸ் 7. 2015 யூலை முதல் 2016 யூலை வரை ஓராண்டுக்கு விண்டோஸ் 10க்கு மாறுவதை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் நாமும் மாறினோம். அன்றே எமது பெயர் பேரேட்டில் ஏறியிருந்தது. ஆனால் அது எமக்குத் தெரியாது.

எமக்கு நேர்ந்த தவறு

திருத்துநர் தம்பி புதிய தட்டில் விண்டோஸ் 10ஐப் பதித்துக் கொடுத்தார். கணினி ஓடியது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில், விண்டோஸைச் செயற்படுத்தும்படி மங்கலான எழுத்தில் ஒரு வாசகம் நின்றது. இணையத்தில் இணைத்தும் அது போகவில்லை. "பாதர், ஒரு சின்ன புறோகிராம் இருக்கு, அதைப் போட்டால் சரி. எல்லாரும் அதைத்தான் போடுறவை" என்றார்.

நாம் வேண்டாம் என்றோம். சட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. பூட்டை உடைத்துத் தருபவர் யாரென்று எமக்குத் தெரியாது. அவர் உடைத்த வழியாலேயே வேறு யாரும் உள்ளே வரலாம். இப்படியான இலவசப் 'புறோகிராம்'களோடு சேர்ந்து வந்து, கடவுச்சொற்களையும் வங்கி விபரங்களையும் திருடும் தீம்பொருட்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. ஏழைக் குடும்பங்களின் அடையாள அட்டைப் பிரதிகளை வைக்கப்போகும் பெட்டியில் அதை விடுவதற்கு எமக்கு மனம் வரவில்லை.

பிறகு விசாரித்து அறிந்தபோது காரணம் மிகவும் எளிமையானது. விண்டோஸ் 10இல் பல பதிப்புகள் உண்டு. வீட்டுப் பாவனைக்கானது 'ஹோம்', அலுவலகத்துக்கானது 'புறோ'. எமது உரிமம் 'ஹோம்' பதிப்புக்கு. அவர் பதித்தது 'புறோ'. பேரேட்டில் ஒரு காணிக்கு இருந்த பதிவைக் காட்டி இன்னொரு காணியைக் கேட்டது போலாயிற்று. 'ஹோம்' பதிப்பை மீளப் பதித்து இணையத்தில் இணைத்தோம். சிறிது நேரத்தில் அந்த வாசகம் தானாகவே மறைந்தது. ஒரு சதமும் செலவில்லை.

படிமுறைகள்

வன்தட்டை மாற்றியபின் செய்யவேண்டியவற்றை ஒழுங்காகத் தருகிறோம்.

1. வேறொரு கணினியில், மைக்ரோசொப்டின் சொந்த இணையத்தளத்தில் இருந்து விண்டோஸைப் பதிக்கும் கருவியை இறக்குங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. குறைந்தது 8 ஜிகாபைற் கொள்ளளவுள்ள வெற்றுப் பென் டிரைவ் ஒன்று தேவை. அதில் இருப்பவை எல்லாம் அழிக்கப்படும். எனவே பத்திரங்கள் உள்ள பென் டிரைவைப் பயன்படுத்தாதீர்கள்.

2. புதிய தட்டைப் பொருத்தி, பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள்.

3. சாவியைக் கேட்கும் இடத்தில், சாவி இல்லை என்று சொல்லும் வரியைத் தெரிவு செய்யுங்கள். முன்பு செயற்படுத்தப்பட்ட கணினிக்கு அது போதும். ஒட்டுத்தாளோ பெட்டியோ பத்திரமாக இருந்தால் அந்தச் சாவியையும் எடுத்துவையுங்கள்.

4. முன்பு இருந்த அதே பதிப்பைத் தெரிவு செய்யுங்கள். எமது தவறைச் செய்யாதீர்கள்.

5. பதித்து முடிந்ததும் இணையத்தில் இணையுங்கள். 'செற்றிங்ஸ்' பகுதியில் 'அக்டிவேஷன்' என்ற இடத்தைத் திறந்து, செயற்படுத்தப்பட்டதா என்று பாருங்கள்.

தாய்ப்பலகையையும் மாற்றவேண்டி வந்தால் கதை வேறு. காணியே மாறியதாகக் கணக்கு. கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாகப் பழைய தாய்ப்பலகையோடு முடிந்துவிடும். தனியே கடையில் வாங்கிய உரிமத்தைப் புதியதற்கு மாற்றலாம். 2016 ஓகஸ்ட் மாதத்தில் வந்த திருத்தத்தின் பின், உரிமத்தை உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்து வைக்க வழி உண்டு. அப்படி இணைத்தவர், பாகம் மாற்றியதை அந்த 'அக்டிவேஷன்' பகுதியிலேயே அறிவித்து உரிமத்தை மீளக் கேட்கலாம். கணினி நன்றாக ஓடும்போதே இதைச் செய்து வையுங்கள். பழுதான பிறகு செய்ய முடியாது.

இன்னொன்று. புதிய கணினிகள் சிலவற்றில் தட்டில் உள்ளவை தாமாகவே பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட ஒரு மீட்புச் சாவி உண்டு. தாய்ப்பலகை பழுதாகித் தட்டு நல்லதாக இருந்தாலும், அந்த இலக்கம் இன்றி எவராலும் திறக்க இயலாது. அதைத் தாளில் எழுதி, கணினிக்கு வெளியே வையுங்கள்.

விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்தியது. எமது பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது. எனவே அதில் இப்போது லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டிருக்கிறோம். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை, செயற்படுத்தலும் இல்லை, தமிழிலும் வேலை செய்யலாம். தட்டு பழுதானால் எத்தனை தடவையும் மீளப் பதிக்கலாம். பழைய கணினியை வைத்திருக்கும் சங்கங்கள் இதைச் சிந்திக்கலாம்.

எழுத்துகள் திரும்பிய கதை

விண்டோஸ் திரும்பியதும் இன்னொரு திடுக்கம். எமது ஊழியர் ஒருவரின் பென் டிரைவில் இருந்த பழைய கடிதங்களைத் திறந்தோம். தமிழ் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். கடிதம் பழுதாகிவிட்டது என்று நினைத்தோம்.

பழுது ஒன்றும் இல்லை. இலங்கையில் தமிழ்த் தட்டச்சு செய்வோர் பலர் நெடுங்காலம் பாமினி என்ற எழுத்துருவையே பயன்படுத்தினார்கள். அதில் கணினி சேமிப்பது உண்மையில் ஆங்கில எழுத்தையே. பாமினி அதற்குத் தமிழ் வடிவத்தை அணிவிக்கிறது. புதிய விண்டோஸில் பாமினி இல்லாததால், சட்டை கழன்றபோது உள்ளே இருந்தது தெரிந்தது. அந்த எழுத்துருவைப் பதித்ததும் எல்லாம் சரியாயிற்று. அன்று முதல் நாம் யுனிக்கோட் முறையில் எழுதுகிறோம். அதில் தமிழ் எழுத்து தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது. உலகின் எந்தப் புதிய கணினியிலும் தொலைபேசியிலும் வாசிக்கலாம். பாமினியில் உள்ள பழைய கடிதங்களை யுனிக்கோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. சங்கங்கள் தம் பழைய அறிக்கைகளை இப்போதே மாற்றி வைப்பது நல்லது.

திரும்பாதவை

இனி வேதனையான பகுதி.

வீடு திரும்பியது. றங்குப் பெட்டி திரும்பவில்லை. பத்திரங்களில் ஒரு பகுதியை எமது ஊழியர் முன்பே பென் டிரைவில் பிரதி எடுத்திருந்தார். அவை தப்பின. மற்றவை போயின. எம்மிடம் இருந்தவை ஒரே பெட்டிக்குள் ஒரே பிரதியாக இருந்தன. மைக்ரோசொப்ட் தன் உரிமத்துக்குத் தனியாகப் பேரேடு வைத்திருந்தது. நாம் உங்கள் பத்திரங்களுக்கு அப்படி ஒன்று வைக்கவில்லை.

அந்தக் குடும்பங்களுக்கு நாமே ஆள் அனுப்பிச் சொன்னோம். பலர் மூலப் பத்திரத்தை மீளக் கொண்டுவந்தார்கள். முதியவர் ஒருவர் வெறுங்கையோடு வந்தார். அவரிடம் இருந்த அனுமதிப்பத்திரம், 2016 மே மாதம் களனி ஆறு பெருகி இந்தப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, பெட்டியோடு ஊறி ஒன்றும் வாசிக்க முடியாமற் போயிருந்தது. அதற்காக அவர் கவலைப்பட்டதே இல்லை. "என்ர பெர்மிற் உங்கட பெட்டியுக்கை பத்திரமா இருக்குத்தானே, பாதர்" என்று வழியில் காணும்போதெல்லாம் கேட்பார். "இருக்கிறது ஐயா" என்று சொல்வோம். அன்று அதைச் சொல்ல முடியவில்லை. அவர் எம்மைக் கோபிக்கவில்லை. சிறிது நேரம் கணினியைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இப்படி அகப்பட்டவர்கள் நாம் மட்டுமல்ல. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் தீம்பொருள் ஒன்று தாக்கியது. அரசின் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குத் தனியான காப்புப் பிரதி இருக்கவில்லை. அவை இழக்கப்பட்டன. சேவை மீண்டது, கடிதங்கள் மீளவில்லை.

முதியவரின் விடயம் எப்படி முடிந்தது? பத்திரங்களைக் கணினியில் ஏற்றும்போது, எமது ஊழியர் ஒருவர் 80 பக்கக் கொப்பி ஒன்றில் ஒவ்வொன்றின் விபரத்தையும் பேனையால் எழுதி வந்திருந்தார். பெயர், பத்திர இலக்கம், திகதி, வழங்கிய செயலகம். "கணினி இருக்கும்போது கொப்பி எதற்கு?" என்று நாமே அவரைக் கேலி செய்ததுண்டு. அந்தக் கொப்பியில் முதியவரின் பத்திர இலக்கம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரோடு ஊருக்குப் போனோம். இலக்கத்தைக் கண்டதும் உத்தியோகத்தர் பேரேட்டைத் தேடி எடுத்தார். அவருடைய பெயர் அங்கே இருந்தது. பல தடவை அலைந்த பின் உறுதிப்படுத்திய பிரதி கிடைத்தது. ஒரு கொப்பியின் ஒரு வரி, கணினியால் காக்க முடியாததைக் காத்தது.

மூன்று பிரதி, இரண்டு இடம்

இந்தப் பாடம் எமது நாட்டுக்குப் புதியதல்ல. நொத்தாரிசு ஒருவர் காணி உறுதி எழுதும்போது என்ன நடக்கிறது? மூலப்பிரதி உரிமையாளருக்கு. இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்கு. இன்னொரு பிரதி நொத்தாரிசின் கோவையில். கணினி வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே சட்டம் இதை வகுத்தது. உரிமையாளரின் வீடு எரிந்தாலும் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். ஆனால் மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் ஒரே வெள்ளமும் ஒரே போரும் மூன்றையும் தொடலாம். எனவே ஒன்றாவது தூரத்தில் இருக்கவேண்டும்.

விதைநெல்லை நீங்கள் எப்படிக் காத்தீர்கள்? முழுவதையும் ஒரே மூட்டையில் ஒரே மூலையில் வைத்தவர், எலிக்கும் ஈரத்துக்கும் ஒருநாள் முழுவதையும் கொடுத்தார். பத்திரத்துக்கும் அதே விவேகம் போதும்.

இன்று உங்கள் கையில் கணினி இல்லாவிட்டாலும் தொலைபேசி இருக்கிறது. அதிலேயே பத்திரங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அது நல்லது. ஆனால் அதுவும் ஒரே பெட்டிதான். தொலைந்தால், தண்ணீரில் விழுந்தால், எல்லாம் போகும். எனவே இவற்றைச் செய்யுங்கள்.

பத்திரத்தின் இரு பக்கத்தையும் வெளிச்சத்தில், இலக்கமும் முத்திரையும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். அதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். வேறு மாவட்டத்திலோ வெளிநாட்டிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி, அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டோப்பிரதி ஒன்றை நீர் புகாத உறையில் மூலத்துக்கு வேறான இடத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திர இலக்கம், திகதி, வழங்கிய அலுவலகம் ஆகியவற்றைக் கொப்பியில் எழுதி, பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். படம் சட்டத்தின் முன் மூலப் பத்திரமாகாது. ஆனால் எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்தைத் தேடுவது என்பதை அது காட்டும்.

கணினியையோ தொலைபேசியையோ திருத்தக் கொடுக்கும்போது அதில் உள்ள அடையாள அட்டை, வங்கிப் புத்தகப் படங்களை நினைவில் வையுங்கள். இயலுமானால் பிரதி எடுத்துவிட்டு அழித்துக் கொடுங்கள். பழைய தட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி ஒன்றில், வட மாகாணத்தின் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்துக்குள் முன்வரவேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்தவர்கள் மூன்று மாதத்தில் எதைக் காட்டுவது? எதிர்ப்பு எழுந்தது. அரசு அதை மீளப்பெறத் தீர்மானித்தது. உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு யூன் மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. அந்த அறிவித்தல் நின்றது. ஆனால் "உங்களிடம் என்ன பத்திரம் இருக்கிறது?" என்ற கேள்வி நின்றுவிடவில்லை. அது மறுபடியும் வரும்.

எமது பணியகத்தில் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் பிரதி எடுக்கிறோம். ஒன்று கணினியில். ஒன்று வெளித்தட்டில், அதை அன்றே கழற்றி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோகிறோம். ஒன்று இணையத்தில், பூட்டிய கோப்பாக. மின்வெட்டைத் தாங்க மின்கலப் பெட்டி ஒன்றும் கணினியோடு இணைத்திருக்கிறோம். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பிரதிகளில் ஒன்றைத் திறந்து, உண்மையில் வாசிக்க முடிகிறதா என்றும் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

அந்த 80 பக்கக் கொப்பி நிறைந்துவிட்டது. இரண்டாவது கொப்பி தொடங்கியிருக்கிறோம். 2022 ஏப்பிரலுக்கு முன் எம்மிடம் பத்திரம் தந்தவர்களில் இன்னும் திரும்ப வராதவர்கள் இருந்தால், தயவுசெய்து வாருங்கள். மூலப்பத்திரம் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள், கொப்பியைப் பார்ப்போம். இலக்கம் கிடைத்தால் அந்த அலுவலகத்துக்கு உங்களோடு நாமும் வருவோம்.